அது வெறும் தியரிதானே, சார்?

நம் பாலிடெக்னிக்கில் அதிகமாக அடிபடும் சொல் எது என்று ஒரு போட்டி வைத்தால், முதல் பரிசு ‘அரியர்’ என்ற சொல்லுக்குப் போகும். இரண்டாம் பரிசு சந்தேகமில்லாமல் ‘தியரி’க்குத்தான். “தியரி பேப்பர் ஒண்ணு போயிடுச்சுடா, பிராக்டிகல் எல்லாம் கிளியர்.” “காலையில தியரி கிளாஸ்தான். மத்தியானம் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாப் போதும்.” இப்படியே பேசிப் பேசி, தியரி என்றால் கரும்பலகையில் எழுதிப் போடுவது, மனப்பாடம் செய்வது, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுவது என்று ஆகிவிட்டது. கையில் கிரீஸ் ஒட்டினால்தான் நிஜம்!

இது வகுப்பறையோடு நின்றால் பரவாயில்லை. பஸ் ஸ்டாண்ட் டீக்கடை வரைக்கும் போகிறது. பரிணாமமா? “அது டார்வின் தியரிப்பா, இன்னும் ப்ரூவ் ஆகலை.” பூமி சூடாகிறதா? “அதெல்லாம் ஒரு தியரி.” முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிற எனக்கு, வருஷத்துக்கு ஒரு முறையாவது கடைசி பெஞ்சிலிருந்து இந்தக் கேள்வி வரும்: “சார், அது வெறும் தியரிதானே?” மாணவர் சங்கத் தம்பிகள் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தபோது, இந்தக் கேள்விக்கே பதில் எழுதித் தந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். உதாரணங்களுக்கு வெளியூர் போகவில்லை. பல்லாவரத்திலிருந்து மாமல்லபுரம் வரை நம் செங்கல்பட்டுச் சீமையிலேயே வேண்டிய மட்டும் இருக்கிறது.

ரெக்கார்டு நோட்டில் ஒரு கோடு

கெமிஸ்ட்ரி லேபில் உப்பைப் பகுத்தறியும் சோதனை செய்திருப்பீர்கள். ரெக்கார்டு நோட்டில் மூன்று பத்தி போடுவோம்: எக்ஸ்பெரிமென்ட், அப்சர்வேஷன், இன்ஃபரன்ஸ். உப்புக் கரைசலில் பேரியம் குளோரைடு விடுகிறோம். வெள்ளையாக வீழ்படிவு வருகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டாலும் அது கரையவில்லை. இது அப்சர்வேஷன். “சல்பேட் இருக்கிறது” என்று பக்கத்துப் பத்தியில் எழுதுகிறோம். இது இன்ஃபரன்ஸ்.

கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். சல்பேட்டைக் கண்ணால் பார்த்தவர் நம் லேபில் யாருமில்லை. பார்த்தது வெள்ளைப் படிவு மட்டுமே. அதிலிருந்து சல்பேட்டுக்குத் தாவ நமக்கு எது தைரியம் கொடுத்தது? உப்பு நீரில் கரைந்தால் அயனிகளாகப் பிரிகிறது, இன்ன அயனியும் இன்ன அயனியும் சேர்ந்தால் கரையாத பொருள் உண்டாகும் என்கிற அயனிக் கோட்பாடு. அது நோட்டில் எந்தப் பத்தியிலும் இல்லை. இரண்டு பத்திக்கும் நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறோமே, அந்தக் கோட்டைத் தாண்ட உதவும் பாலம் அதுதான்.

இந்தப் பிரிவினை நமக்குப் புதிதல்ல. நம் பழைய அளவை நூல்கள் அறிவு வரும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று பிரித்தன. காண்டல், நேரில் பார்த்தது. கருதல், பார்த்ததை வைத்துப் பார்க்காததை அறிவது. மலைமேல் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்பது போல. உரை, நம்பத் தகுந்தவர் சொன்னது. இந்த மூன்று சொற்களையும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். மாமல்லபுரம் போகும்போது தேவைப்படும்.

ஆங்கிலத்தில் ‘தியரி’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை. துப்பறியும் கதையில் “என் தியரி என்னவென்றால், சமையற்காரன்தான் கொலையாளி” என்பான். அது ஊகம். விஞ்ஞானத்தில் தியரி என்பது பல செய்திகளைச் சேர்த்துக் கட்டி, ஏன் என்று விளக்கி, சோதனைகளில் தாக்குப்பிடித்து நிற்கும் கோட்பாடு. தமிழில் ஊகம் வேறு, கோட்பாடு வேறு. இரண்டு சொல் இருந்தும் நாம் ‘தியரி’ என்று ஒரே சாக்கில் கட்டிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. ஊகம் வளர்ந்து கோட்பாடாகும், கோட்பாடு வளர்ந்து விதியாகும், விதி வளர்ந்து உண்மையாகும் என்று பிரமோஷன் வரிசை மாதிரி நினைக்கிறோம். அப்படி ஒரு வரிசை கிடையாது. ஸ்ட்ரெங்த் லேபில் மைல்டு ஸ்டீல் கம்பியை இழுக்கிறீர்கள். இவ்வளவு பாரத்துக்கு இவ்வளவு நீண்டது என்பது செய்தி. ஒரு எல்லை வரை பாரத்துக்கு ஏற்ற விகிதத்தில் நீளும் என்பது ஹூக் விதி. பல செய்திகளின் சுருக்கம். ஏன் அப்படி நீள்கிறது, ஏன் ஓரிடத்தில் ‘ஈல்டு’ ஆகிறது என்பதற்குப் பதில் சொல்வது கோட்பாடு. அணுக்கள் பிசகில்லாமல் அடுக்கப்பட்டிருந்தால் உலோகம் இப்போது இருப்பதைவிடப் பல மடங்கு பலமாக இருக்க வேண்டும் என்று கணக்கு சொன்னது. நிஜக் கம்பி அதற்கு வெகு முன்பே இளகிவிடுகிறது. அப்படியானால் அணு அடுக்கில் வரிசைப் பிசகுகள் இருக்க வேண்டும், அவை நகர்வதால்தான் உலோகம் இளகுகிறது என்று 1934-இல் டெய்லர், ஒரோவான், போலன்யி மூவரும் தனித்தனியே சொன்னார்கள். அப்போது அந்தப் பிசகை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. 1956-இல் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் அவை நகர்வதையே பார்த்தார்கள். கருதல் முன்னே போயிற்று; காண்டல் 22 வருஷம் கழித்து வந்து சேர்ந்தது.

பல்லாவரத்தில் குனிந்து எடுத்த கல்

1863-ஆம் வருஷம் மே மாதம் 30-ஆம் தேதி. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரம் ராணுவ மைதானத்தின் அருகே சரளை தோண்டிய குழி ஒன்றிலிருந்து ஒரு கல்லைக் கையில் எடுத்தார். அது ஆதிமனிதன் செதுக்கிய கைக்கோடரி என்று கண்டுகொண்டார். இந்தியாவின் பழைய கற்கால ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது.

அந்தக் குழியில் எத்தனையோ பேர் மண்வெட்டி போட்டிருப்பார்கள். அதே சரளையில் எத்தனை கோடரிகள் ரோட்டுக்கு அடியில் போயிருக்குமோ! அவர்கள் கண்ணுக்குக் கல். ஃபூட் கண்ணுக்குக் கருவி. காரணம், இப்படிப்பட்ட கற்கள் மனிதன் கைபட்டவை, மிகப் பழமையானவை என்று அதற்குச் சில வருஷம் முன்புதான் ஐரோப்பாவில் புவியியலாளர்கள் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த விளக்கம் அவர் தலையில் இருந்தது. ஆகவே கல் அவர் கண்ணில் பட்டது. செய்தி என்பது தானாக வந்து “நான்தான் செய்தி” என்று கையைத் தூக்குவதில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதும் கோட்பாடுதான்.

அதே வருஷம் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கருவிகளைக் கண்டார்கள். அவற்றின் வயது என்ன? 2011-இல் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும், அங்குள்ள மிகப் பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று வெளியிட்டார்கள். அந்த 15 லட்சம் கல்லில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. கல் நிலத்தின் மேல் கிடக்கும்போது விண்வெளிக் கதிர்கள் பட்டு அதிலுள்ள குவார்ட்ஸில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு கதிரியக்க அணுக்கள் உண்டாகின்றன. கல் மண்ணுக்குள் ஆழப் புதைந்தபின் அவை வெவ்வேறு வேகத்தில் சிதைகின்றன. மிச்சமிருக்கும் விகிதத்தை அளந்தால், புதைந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று சொல்லலாம். கருவியில் கண்டது விகிதம், கணக்கிட்டது வயது. நடுவில் நிற்பது கதிரியக்கக் கோட்பாடு. “வெறும் தியரி” என்று அதைத் தூக்கிப் போட்டால் 15 லட்சமும் அதோடு போய்விடும். கையில் வயசு தெரியாத ஒரு கல்தான் மிஞ்சும்.

ஜல்லிக்குள் ஒரு சண்டை

சிவில் மாணவர்களுக்கு ஒரு செய்தி. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் கிடைக்கும் கருநீலக் கல்லுக்குப் புவியியலில் ‘சார்னகைட்’ என்று பெயர். உலகம் முழுக்க இந்தப் பெயர்தான். கல்கத்தாவில் 1693-இல் இறந்த ஜாப் சார்னாக் என்ற கம்பெனி அதிகாரியின் கல்லறைக் கல் இந்த வகைதான். அதைப் பார்த்து 1893-இல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இப்படிப் பெயர் வைத்தார். நம்மூர்க் கல்லுக்குக் கல்கத்தாக் கல்லறையின் பெயர்!

இந்தக் கல் எப்படி உண்டாயிற்று? பாறைக்குழம்பு ஆறி இறுகியதால் என்று 1900-இல் ஹாலண்ட் எழுதினார். இல்லை, ஏற்கெனவே இருந்த பாறை ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியது என்று பின்னால் வந்த பலர் மறுத்தார்கள். இரண்டு வழியிலும் உண்டாகலாம் என்று இன்று பேசுகிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலான சண்டை. ஆனால் இந்த நூறு வருஷத்தில் அந்தக் கல்லின் கனிமங்கள் மாறவில்லை. நசுக்கிப் பார்த்தால் வரும் பலமும் மாறவில்லை. ஹாலண்ட் பக்கம் காற்று அடித்தபோதும், எதிர்ப்பக்கம் அடித்தபோதும், ஜல்லி ஜல்லியாகத்தான் இருந்தது. விளக்கம் மாறினால் செய்தி பொய்யாகிவிடாது. “விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை, அதனால ஒண்ணுமே நிஜமில்லை” என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு கூடை ஜல்லியைக் காட்டுங்கள்.

கடலுக்குள் ஏழு கோயிலா?

இப்போது மாமல்லபுரம் போகலாம். காண்டல், கருதல், உரை மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும் ஊர் அது.

முதலில் உரை. கடற்கரையில் இருந்தவை ஏழு கோயில்கள், ஆறைக் கடல் கொண்டுவிட்டது, மிச்சம் நிற்பது ஒன்று என்று வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். நிற்கும் ஒன்று எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் காலத்தில் கட்டிய கடற்கரைக் கோயில். வெள்ளைக்கார மாலுமிகள் இந்த ஊரையே ‘ஏழு பகோடா’ என்றார்கள். இந்தக் கதையைக் கேட்டு வில்லியம் சேம்பர்ஸ் எழுதிய கட்டுரை 1788-இல் அச்சாயிற்று. கடலுக்குள் கோபுரங்களின் செப்புக் கலசம் மின்னியதைப் பார்த்ததாக ஊர்ப் பெரியவர்கள் சொன்னதையும் அவர் குறித்திருக்கிறார்.

அடுத்து காண்டல். 2002 ஏப்ரலில் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு ஆய்வுச் சங்கமும் சேர்ந்து கடலில் மூழ்கிப் பார்த்தன. கடற்கரைக் கோயிலுக்குக் கிழக்கே 500 முதல் 700 மீட்டர் தொலைவில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில், கல் சுவர்களின் மிச்சமும், சதுரமாகவும் நீள்சதுரமாகவும் வெட்டிய கற்களும், படிகள் உள்ள மேடையும் இருந்தன. பிறகு 2004 டிசம்பர் 26 சுனாமி கரை மணலை அரித்து எடுத்தபோது, அதுவரை மண்மூடிக் கிடந்த சிற்பங்கள் வெளியே வந்தன.

இதைக் கேட்டதும் “பார்த்தீங்களா சார், ஏழு கோயில் ப்ரூவ் ஆயிடுச்சு!” என்பார்கள். ஆகவில்லை. கண்டது மனிதன் வெட்டிய கற்கள். ஏழு என்று எண்ணிக்கையைக் கல் சொல்லவில்லை. கலசத்தையும் சொல்லவில்லை. உரையில் ஒரு பங்குக்கு ஆதரவு கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது கருதல். கற்கள் கடலுக்குள் எப்படிப் போயின? கடல் மெல்ல மெல்லக் கரையை அரித்ததாலா, கடல் மட்டம் மாறியதாலா, ஒரே நாளில் பேரலை வந்து சாய்த்ததாலா? கடலியல் நிறுவனத்தார் அரிப்பைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். இந்தப் பக்கத்தில் கடல் ஆண்டுக்குச் சுமார் 55 சென்டிமீட்டர் கரையை அரிக்கிறது என்று ஒரு கணிப்பு இருந்தது. 1500 ஆண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள்: 825 மீட்டர். அப்படியானால் அன்றைக்குக் கரை 800 மீட்டர் கிழக்கே இருந்திருக்கும். இன்று 700 மீட்டரில் மூழ்கிக் கிடக்கும் கற்கள் அன்று தரையில் நின்றிருக்கும். எண்கள் பொருந்துகின்றன. ஆனால் இந்தக் கணக்குக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. 1500 வருஷமும் அரிப்பு இதே வேகத்தில் நடந்திருக்க வேண்டும். நல்ல கோட்பாடு தன் நிபந்தனையை மறைக்காது; “இந்த இடத்தில் என்னைத் தட்டிப் பார்” என்று தானே காட்டும்.

ஒரு கருதல் ஜெயித்த கதையும் பக்கத்திலேயே இருக்கிறது. புலிக்குகை இருக்கும் சாளுவன்குப்பத்தில் அதே சுனாமி ஒரு பாறைமேல் இருந்த மணலை வாரிக்கொண்டு போயிற்று. பாறையில் கல்வெட்டு. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்துக் கல்வெட்டும் அதில் உண்டு. திருவிழ்ச்சில் என்ற ஊரில் இருந்த சுப்பிரமணியர் கோயிலுக்குத் தானம் கொடுத்ததை அது சொன்னது. அப்படி ஒரு கோயில் அங்கே கண்ணுக்குத் தெரியவில்லை. கல்வெட்டு மெய்யானால் அருகில் தோண்டினால் அஸ்திவாரம் கிடைக்க வேண்டும் என்று இந்தியத் தொல்லியல் துறையினர் கருதினார்கள். 2005-இல் பக்கத்து மணல்மேட்டில் கைவைத்தார்கள். கோயில் கிடைத்தது! வடக்குப் பார்த்த கோயில். மேலே பல்லவர் காலத்துக் கல் வேலை, அடியில் அதைவிடப் பழைய செங்கல் கட்டடம், கல்லில் ஒரு வேல். தோண்டுவதற்கு முன்னாலேயே “இன்னது கிடைக்கும்” என்று சொல்வதில்தான் கோட்பாட்டின் துணிச்சல் இருக்கிறது. கிடைத்த பிறகு காரணம் சொல்ல யாராலும் முடியும்.

செங்கல் கோயில் எவ்வளவு பழையது, அதை அழித்தது பேரலையா என்பதெல்லாம் அடுத்த கட்டக் கருதல்கள். பேரலை என்றால் கடல் மணலும் சிப்பியும் ஓர் அடுக்காகப் படிந்திருக்க வேண்டும். ஆனால் புயலும் மணலை ஏற்றிக் கொட்டும். ஆகவே ஓரிடத்து மணல் அடுக்கு மட்டும் போதாது. பெரிய சுனாமி என்றால் வங்கக்கடலின் எதிர்க்கரையிலும் அதே காலத்து மணல் இருக்க வேண்டும். தாய்லாந்தின் ஃப்ரா தொங் தீவிலும் சுமத்ராவின் ஆச்சே கரையிலும் இப்படித்தான் தேடினார்கள். 2004-க்கு முன் சுமார் 600 ஆண்டுக்கு முந்தைய ஒரு பேரலையின் மணல் அடுக்கு இரண்டு நாட்டிலும் கிடைத்து, 2008-இல் வெளியாயிற்று.

இரண்டரை மணி நேரம்

இதுவரை சொன்னதெல்லாம் பழங்கதை, நமக்கென்ன என்று தோன்றலாம். உயிர் போகும் இடத்துக்கு இப்போது வருகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை ஏறக்குறைய 6.29-க்குச் சுமத்ரா அருகே பூமி அதிர்ந்தது. அலை சென்னைத் துறைமுகத்து அலைமானியில் பதிவானது 9 மணியைச் சற்றே தாண்டி. நடுவில் இரண்டரை மணி நேரம். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 உயிர்கள் போயின. நம் கரையோர ஊர்களிலும் எத்தனையோ வீட்டில் அன்றைக்கு விளக்கு அணைந்தது.

ஆழத்தைவிட நீளம் மிக அதிகமான அலையின் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். இதை 18-ஆம் நூற்றாண்டிலேயே லக்ராஞ்சு கண்டு சொல்லிவிட்டார். பேப்பரும் பேனாவும் எடுங்கள். கடல் ஆழம் 3000 மீட்டர் என்று வையுங்கள். 9.8 பெருக்கல் 3000, அதன் வர்க்கமூலம் 171. வினாடிக்கு 171 மீட்டர். மணிக்கு 617 கிலோமீட்டர். நிக்கோபார்ப் பக்கத்திலிருந்து நம் கரை சுமார் 1,400 கிலோமீட்டர். வகுத்தால் இரண்டே கால் மணி நேரம். நிலப்பிளவு சுமத்ராவிலிருந்து வடக்கே அந்தமான் வரை நீளச் சில நிமிடம் பிடித்தது. கரைக்கு அருகே ஆழம் குறைவதால் அலை வேகம் இழந்தது. 10 மீட்டர் ஆழத்தில் அதே சூத்திரம் மணிக்கு 36 கிலோமீட்டர்தான் தரும். இவற்றைச் சேர்த்தால் கடிகாரம் காட்டிய நேரத்துக்கு வந்துவிடுகிறோம்.

ஆக, நேரத்தைச் சொல்லக்கூடிய சூத்திரம் இருநூறு வருஷமாகப் புத்தகத்தில் இருந்தது. பசிபிக் கடலுக்கு 1949-லிருந்து எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு இல்லை. தியரி புத்தகத்தில் இருந்தது. கரைக்கு வந்து சேரவில்லை. அன்று தாய்லாந்தின் ஃபூக்கெட்டில் ஒரு கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி, கடல் நுரைத்து விசித்திரமாக நடந்துகொள்வதைப் பார்த்தாள். இரண்டு வாரம் முன்பு பூகோள வகுப்பில் படித்தது ஞாபகம் வந்து கத்தினாள். அந்தக் கரையில் இருந்தவர்கள் தப்பினார்கள். அவளிடம் இருந்ததும் ‘வெறும் தியரி’தான்.

இனி நம் கரைக்கு மிக முக்கியமான விஷயம். “கடல் உள்வாங்கினால் சுனாமி வரும், ஓடு” என்று இன்று எல்லோருக்கும் தெரியும். சரியான அறிவுரை. ஆனால் அதைத் திருப்பிப் போட்டு, “கடல் உள்வாங்கலையே, அப்ப பயமில்லை” என்று நினைத்தால் ஆபத்து! அன்று தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. சென்னை அலைமானியிலோ தண்ணீர் முதலில் ஏறியது. ஒரே பூகம்பம், இரண்டு கரையில் இரண்டு செய்தி. ஏன்?

கோட்பாடு விளக்குகிறது. சுமத்ரா, அந்தமான் பக்கம் இந்தியத் தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் நுழைகிறது. பல நூற்றாண்டாக இறுகியிருந்த இடம் அன்று பிய்த்துக்கொண்டபோது, மேலே இருந்த தட்டின் மேற்கு ஓரம் எழும்பியது. அதன் கிழக்குப் பகுதி தாழ்ந்தது. மேலிருந்த தண்ணீரும் அப்படியே மேடும் பள்ளமும் ஆயிற்று. மேற்கே, நம் பக்கமும் இலங்கைப் பக்கமும், மேடு முன்னால் கிளம்பியது. கிழக்கே, தாய்லாந்துப் பக்கம், பள்ளம் முன்னால் போயிற்று. நம் கரையில் கடல் பின்வாங்கியது அதன் பிறகு, அலைகளுக்கு நடுவே. வேடிக்கை பார்க்க இறங்கியவர்களை அடுத்த அலை வாரியது. தாய்லாந்தில் கண்ட செய்தியை மட்டும் பாடமாக வைத்துக்கொண்டால் நம் கரையில் ஏமாந்துபோவோம். அங்கே நடந்தது ஏன் நடந்தது என்று தெரிந்தால்தான் இங்கே என்ன நடக்கும் என்று சொல்ல முடியும்.

2012-இல் ஓடியது வீணா?

ஹைதராபாத்தில் இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் பூகம்பம். சென்னை வரை கட்டடங்கள் ஆடின. எச்சரிக்கை வந்தது, கரையோரத்தில் ஜனங்கள் மேட்டுக்கு ஓடினார்கள். பெரிய அலை வரவில்லை. மாலையில் எச்சரிக்கையை வாபஸ் வாங்கினார்கள்.

“பார்த்தீங்களா, இவங்க தியரி பொய்த்துப் போச்சு” என்று அப்போது பேசினார்கள். உண்மையில் அது கோட்பாட்டுக்குக் கிடைத்த நல்ல சோதனை. சுனாமிக்குக் காரணம் பூமி ஆடுவது அல்ல. கடலடி மேலும் கீழும் இடம் பெயர்ந்து தண்ணீரைத் தூக்குவது. 2012-இல் நடந்தது பக்கவாட்டுப் பெயர்ச்சி. பாறைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடைமட்டமாக நகர்ந்தன, தண்ணீர் தூக்கப்படவில்லை. பக்கெட் தண்ணீருக்குள் கையைத் தட்டையாக வைத்து, பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள். பிறகு சட்டென்று மேலே தூக்கிப் பாருங்கள். வித்தியாசம் தெரியும். அவ்வளவு பெரிய அதிர்வுக்கு ஏன் அலை எழவில்லை என்பதையும் விளக்குவதால்தான் அதைக் கோட்பாடு என்கிறோம். ஆனால் பூகம்பம் எந்த வகை என்று தெளிய நேரம் ஆகும். கடலில் உள்ள கருவிகள் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை ஓடுவதுதான் புத்திசாலித்தனம். அன்று ஓடியவர்கள் வீணாக ஓடவில்லை.

இனிமேல் யாராவது கேட்டால்...

நண்பர்களே, “அது வெறும் தியரி” என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று: இதில் கண்டது என்ன? யார், எங்கே, எவ்வளவு என்று அளந்தார்கள்? இரண்டு: இந்த விளக்கம் ஒரே ஒரு செய்திக்கு ஒட்டுப்போட்டதா, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல செய்திகளை ஒரே கயிற்றில் கட்டுகிறதா? மூன்று: இது தப்பாக இருந்தால் எதைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்? மூன்றாவது கேள்விக்குப் பதிலே இல்லையென்றால் அது ஊகம்கூட இல்லை, வெறும் பேச்சு. டார்வினைப் பற்றிப் பேசினாலும் சரி, பூமி சூடாவதைப் பற்றிப் பேசினாலும் சரி, வாட்ஸ்அப்பில் வந்த வைத்தியத்தைப் பற்றிப் பேசினாலும் சரி, இந்த மூன்றும் போதும்.

நாளைக்கு நீங்கள் பாலம் கட்டுவீர்கள், மோட்டார் சுற்றுவீர்கள், கல்பாக்கத்திலோ ஒரகடத்திலோ மெஷின் முன்னால் நிற்பீர்கள். பழுதான மெஷின் முன்னால் நிற்கும்போது கண்ணில் படுவது சத்தம், புகை, சூடு. அவை செய்திகள். எந்தப் பாகத்தைக் கழற்ற வேண்டும் என்று சொல்வது நீங்கள் கட் அடித்த அந்தக் காலை வகுப்பு. கரையோர ஊர்களிலிருந்து வரும் தம்பி தங்கைகளுக்கு இன்னும் ஒரு வேலை உண்டு. கடல் உள்வாங்காமலும் அலை வரும், முதல் அலையோடு முடிந்துவிடாது, எச்சரிக்கை வாபஸ் ஆகும்வரை கரைக்குத் திரும்பக் கூடாது என்ற மூன்றையும், அவற்றின் காரணத்தோடு, இந்த வாரமே வீட்டில் சொல்லுங்கள். காரணம் தெரிந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

எல்லோரும் தியரியிலும் பிராக்டிகலிலும் முதல் வகுப்பில் தேற என் வாழ்த்துகள்!